மெய்யும் நிகரும்

'மெய்நிகர்' என்று தமிழில் பெயர் வைத்தவர் அந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வியையும் வைத்துவிட்டார். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். தலையில் மாட்டிய கருவிக்குள் விண்வெளிப் பறப்பு விளையாட்டை ஆடுகிறவருக்கு முதற்பொருள் எளிதில் கைகூடிவிடுகிறது. சுற்றிலும் விமானி அறை. தலையைத் திருப்பினால் கூடவே திரும்பும் வான்வெளி. காலடியில் ஏதோ ஒரு கோளின் வளையம். கண் இதை உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பொருளில்தான் இடறுகிறது. கண் கோள்களுக்கு இடையே பாய்கிறபோது உடம்பு கதிரையில் அசையாமல் இருக்கிறது. பலருக்கு வரும் குமட்டலும் தலைச்சுற்றும் அந்த முரண்பாட்டின் விளைவு. கண் 'போகிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது. இந்த வழக்கு கணினியோடு பிறந்ததல்ல. மனிதர் தமக்கு உரியதல்லாத ஓர் உலகத்துக்கு உடம்போடு போய், வேலை செய்து, உயிரோடு திரும்பும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் பழைய அத்தியாயங்களில் ஒன்று மன்னார்க் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே இருந்த முத்துப்பார்களில் எழுதப்பட்டது. கண்ணுக்குக் காட்சி கொடுத்தால் மட்டும் வேற்றுலகம் வசப்படாது, மூச்சுக்கு ஒரு கணக்கும் கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆளும் வேண்டும் என்பதே அந்த அத்தியாயத்தின் பாடம். இன்றைய மெய்நிகர் விண்வெளியை எடைபோட அதைவிட நல்ல படிக்கல் இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இத்தகைய விளையாட்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வம்சாவளி வேறு. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பொறியில் அது தொடங்கும். 1962இல் எம்.ஐ.டி.யில் எழுதப்பட்ட 'ஸ்பேஸ்வார்', 1968இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்ட முதல் தலைக்கருவி, 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் வெறும் கோடுகளால் வரைந்த 'எலீட்' என்று வளர்ந்து, பால்வீதி முழுவதையும் அதன் அளவிலேயே உருவாக்க முயன்ற 2014ஆம் ஆண்டின் 'எலீட் டேஞ்சரஸ்' வரை வரும். இந்த வரிசையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் லிங்க்கின் பொறியைத் தவிர மற்றவை எல்லாம் கண்ணின் வரலாறு. ஆர்கன் இசைக்கருவிப் பட்டறையில் வளர்ந்த லிங்க், அதே காற்றுத்துருத்திகளால் தம் பொறியைச் சாய்த்தும் திருப்பியும் உடம்பை அசைத்தார். பின்வந்தவர்கள் படத்தைத் துல்லியமாக்கத் துல்லியமாக்க, உடம்பு பின்தங்கிப்போயிற்று. விடுபட்ட அந்த உடம்பின் வரலாற்றைத் தேடினால் ஆய்வுகூடத்தைவிட்டுக் கடலுக்கு வரவேண்டும்.

முத்துக்குளிப்புப் பருவத்தைத் தமிழில் சலாபம் என்பார்கள். சிலாவத்துறையின் பெயருக்குள்ளும் தெற்கே இருக்கும் சிலாபத்தின் பெயருக்குள்ளும் அந்தச் சொல் ஒலிக்கிறது. வாடை ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன், ஏறத்தாழ மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள்தான் சலாபக் காலம். அப்போது கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த சுழியோடிகள், வெறுமையாகக் கிடந்த மணற்கரையில் ஒரு நகரத்தையே எழுப்பிவிடுவார்கள். நள்ளிரவு கடந்ததும் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். நண்பகலில் குளிப்பு நின்று, கடற்காற்று எழுந்ததும் கரைக்குத் திரும்பும். 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் ஒரு தோணியில் பத்துச் சுழியோடிகளும் பத்துக் கயிற்றுக்காரரும் இருந்ததாகச் சொல்கின்றன. கற்கள் ஐந்துதான். ஒரு கல்லுக்கு இரண்டு சுழியோடிகள். ஒருவர் கீழே போகும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார்.

அந்த ஒரு முழுக்கைக் கிட்டே நின்று பார்க்கலாம். கல்லின் எடை ஏறத்தாழ 15 கிலோவிலிருந்து 25 கிலோ வரை. அதைக் கட்டிய கயிற்றில் கால் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் இருக்கும். சுழியோடி தண்ணீரில் நின்றபடி ஒரு பாதத்தை அதில் நுழைப்பார். சிப்பி போடும் வலைக்கூடையை எடுத்துக்கொள்வார். ஆழ மூச்சிழுத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் கயிற்றைப் பற்றிச் சைகை கொடுப்பார். மேலே இருப்பவர் கயிற்றை விட, கல் அவரை அடித்தளத்துக்கு இழுத்துப் போகும். தரை தட்டியதும் காலை விடுவிப்பார்; கல் உடனே மேலே இழுக்கப்படும். பிறகு மணலோடு மணலாகத் தவழ்ந்து, எட்டும் சிப்பிகளையெல்லாம் கூடைக்குள் வாரிப் போடுவார். மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றை ஒருமுறை சுண்டுவார். அந்தச் சுண்டலை மேலே உள்ளவர் தம் விரல்களால் வாசிக்கவேண்டும். வாசித்த கணத்தில் இழுக்கவேண்டும். ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் கீழே இருந்தார்கள் என்ற கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முத்துப்பார்களின் கண்காணிப்பாளராக இருந்து 1843இல் அத்தொழிலைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போன்ற நேரில் கண்டவர்களின் பதிவுகளில் அது ஏறக்குறைய ஒரு நிமிடக் கணக்காகவே நிற்கிறது. கயிற்றுக்காரரை ஆங்கிலப் பதிவுகள் 'மண்டக்' என்று எழுதின. புகழ் முழுவதும் சுழியோடிக்கு. ஆனால் தோணியில் பாதிப் பேர் கயிறு பிடிக்க வந்தவர்கள். வேற்றுலகம் போகும் ஒருவருக்கு, போகாமல் நின்று காக்கும் ஒருவர் என்பதே இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு.

இதற்கும் விண்வெளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் இலங்கையிலேயே குடியேறியவர். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து தங்கினார். 2008இல் இறக்கும்வரை இதுவே அவர் நாடு. விண்வெளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் ஏன் கடலுக்குள் இறங்கினார் என்பதற்கு அவரே திரும்பத் திரும்பக் காரணம் சொல்லியிருக்கிறார்: புவியில் இருந்தபடி எடையின்மையை உடம்பால் அறிய, தண்ணீருக்குள் மிதப்பதைவிட அணுக்கமான வழி இல்லை. நாசா அதே முடிவுக்கு வரச் சில ஆண்டுகள் பிந்தியது. வந்த விதத்தில் மன்னாருக்கும் தற்செயலாக ஒரு பங்கு கிடைத்தது. 1966 செப்டெம்பர் 12ஆம் திகதி ஜெமினி 11 கலத்தில் சார்ள்ஸ் கொன்ராட்டும் ரிச்சர்ட் கோர்டனும் புறப்பட்டார்கள். மறுநாள் கலத்துக்கு வெளியே வந்து ஒரு கயிற்றை இணைக்க முயன்ற கோர்டன், பற்றிக்கொள்ளப் போதிய பிடியில்லாமல் உடம்போடு மல்லுக்கட்டி, வியர்வை கண்ணில் இறங்கி, அரை மணி நேரத்தில் களைத்து உள்ளே திரும்பினார். அதற்கு அடுத்த நாள் அதே கலம் அன்றைய சாதனை உயரமான 1,369 கிலோமீட்டர் வரை ஏறியது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கடலையும் ஒரே சட்டத்தில் காட்டும் புகழ்பெற்ற படம் அந்தப் பயணத்தில் எடுக்கப்பட்டது. கண்ணுக்கு அது பெரிய வெற்றி, உடம்புக்கோ தோல்வி. இரண்டு மாதம் கழித்து ஜெமினி 12இல் சென்ற பஸ் ஆல்ட்ரின், அதற்கு முன் மேரிலாந்தில் ஒரு நீச்சல் குளத்துக்குள் இறங்கி ஒவ்வோர் அசைவையும் பழகியிருந்தார். கைப்பிடி, காலைச் செருகிக்கொள்ளும் பிடிப்பு, வேலைக்கு நடுவே திட்டமிட்ட ஓய்வு ஆகியவற்றோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்று வேலையை முடித்தார். காலுக்கு வளையம், முழுக்குக்கும் முழுக்குக்கும் நடுவே மாறி மாறி ஓய்வு என்பவை முத்துத் தோணியில் எப்போதோ வழக்கமாகியிருந்தவை.

நாசா மன்னாரைப் பார்த்துக் கற்றது என்று இங்கே சொல்லப்படவில்லை. அப்படிச் சொல்வதற்குச் சான்று இல்லை. நம் ஊர்ப் பெருமை பேச அது தேவையும் இல்லை. ஒரே சிக்கல் இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான விடையைக் கண்டது என்பதே கவனிக்க வேண்டியது. ஹூஸ்டனில் இன்று விண்வெளி வீரர்கள் பழகும் பெருந்தொட்டியின் நீளம் 62 மீட்டர், அகலம் 31 மீட்டர். ஆழம் 12 மீட்டருக்குச் சற்று அதிகம். நம் கணக்கில் ஏழு பாகத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஒரு முத்துப்பாரின் ஆழம். அங்கே பயிலும் ஒவ்வொரு வீரருக்கும் காவலாகச் சுழியோடிகள் உடன் நிற்கிறார்கள். கயிற்றுக்காரர் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார் என்று சொல்லலாம்.

இங்கே ஓர் இயற்பியல் ஆட்சேபம் எழும். விண்வெளி வீரர் மூழ்காமலும் மேலெழாமலும் இருக்கும்படி பாரம் சரிசெய்யப்பட்டு மிதக்கிறார். முத்துக்குளிப்பவரோ கல்லைக் கட்டிக்கொண்டு விழுகிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? விழுவது இறங்கும் சில நொடிகளுக்கு மட்டுமே. கல் மேலே போன பிறகு அவர் வேலை செய்கிற ஆழத்தில் நடப்பது வேறு. 10 மீட்டருக்குக் கீழே அழுத்தம் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு. நெஞ்சுக்குள் அடக்கிய காற்று ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடுகிறது. மேற்பரப்பில் அவரைத் தக்கையாகத் தூக்கிப் பிடித்த மிதப்பு அங்கே பெரும்பாலும் போய்விடும். மேலேயும் இல்லை கீழேயும் இல்லை என்ற அந்த நிலையை அவர் எந்தக் கருவியும் இல்லாமல் தம் மூச்சைக்கொண்டே அடைந்தார். இன்னோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது: சுழியோடி எதையும் பாவனை செய்யவில்லை; அவருக்குக் கடல் கடலேதான், விண்வெளிக்கு ஒத்திகை அல்ல. உண்மை. ஆனால் பயிற்சிப் பொறியின் பெறுமதி, அது எதைக் காட்டுகிறது என்பதைவிட எதைப் பழக்குகிறது என்பதில்தான் இருக்கிறது. மூச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பது, பதற்றத்தை அடக்குவது, திரும்பும் கணத்தைத் தவறவிடாதது, கண்ணுக்குத் தெரியாத ஒருவரைக் கயிற்றின் வழியே நம்புவது ஆகிய பழக்கங்கள் வேற்றுலகம் எதுவானாலும் மாறுவதில்லை. தண்ணீரும் குறையற்ற போலி அல்ல. அது அசைவைத் தடுக்கும். தலைகீழாகத் திரும்பினால் இரத்தம் தலைக்கு ஏறும். அப்படியிருந்தும் விண்வெளி நடை பழக இன்றுவரை தொட்டிக்குள் இறங்குகிறார்கள் என்றால், உடம்பு அங்கே கற்பதைக் கண் தனியாகக் கற்க முடியாது என்பதே பொருள்.

கயிற்றைப் பற்றி இவ்வளவு இனிமையாகப் பேசுவது வரலாற்றுக்கு நேர்மையா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. முத்துக்குளிப்பு சாகச விளையாட்டு அல்ல. எதிர்க்கரையின் கொற்கையில் தண்டனை பெற்றவர்களே முத்துக்குளித்தார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான 'பெரிப்ளூஸ்' எழுதுகிறது. மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இரவில் அந்த மந்திரத்தை அவர்கள் அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுக் குளிப்பு நடக்காமலிருக்க. சுழியோடியின் அச்சத்தைத் தணித்த அதே மந்திரம் அரசனின் பூட்டாகவும் இருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்தவர்களும் கடற்கட்டிகள் எனப்பட்ட இந்த மந்திரக்காரர்களை விலக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் ஆட்கள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் ஆங்கில அரசு அவர்களுக்குச் சம்பளமே கொடுத்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை, இன்று கடல் அரித்துக்கொண்டிருக்கும் இடிபாடு, பாரைக் கண்காணிக்கும் அதிகாரத்தின் கண்ணாக நின்றது. ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில், கொட்டு என்று அழைக்கப்பட்ட அடைப்புக்குள் அன்றைய சிப்பிகளைச் சுழியோடிகளே மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். அதிகாரி தமக்குத் தோன்றிய இரண்டை அரசுக்கு எடுத்துக்கொள்வார். மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. 1905இல் மறிச்சுக்கட்டிக் கடலில் 300க்கு மேற்பட்ட தோணிகளும் ஏறத்தாழ 5,000 சுழியோடிகளும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். அரசுக்கு வந்தது 25 இலட்சம் ரூபாய். அந்த மயக்கத்தில் 1906இல் ஒரு கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்று 20 ஆண்டுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலேயே சிப்பி அருகி, குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பனி நொடித்துப்போனது. அளவுமீறி வாரியதும், மணல் புதைத்ததும், நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை வேறெங்கோ கொண்டுபோனதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பழைய அளவுக்குச் சலாபம் பிறகு திரும்பவில்லை.

ஆகவே சுழியோடியைப் பிடித்திருந்த கயிறுகள் இரண்டு. ஒன்று தோணியிலிருந்து இறங்கியது; அது அவரைக் காப்பாற்றியது. மற்றது கச்சேரியிலிருந்து இறங்கியது. அது அவரைக் கட்டியது. இரண்டையும் குழப்பக்கூடாது. அதே சமயம், இரண்டாவது கயிறு கொடுமையானது என்பதால் முதலாவதன் அறிவு பொய்யாகிவிடாது. இன்றைய விண்வெளித் திட்டங்களுக்குப் பின்னும் பணமும் படைபலமும் அரசுகளின் போட்டியும் இருக்கின்றன. அதனால் ஆல்ட்ரின் குளத்தில் கற்றது கல்வியல்ல என்று யாரும் சொல்வதில்லை.

இனி மெய்நிகர் விளையாட்டின் தரப்பு. அதற்கும் சொல்ல நிறைய உண்டு. விளையாட்டில் யாரும் மூச்சடைத்துச் சாவதில்லை, சுறா கடிப்பதில்லை. முத்துப்பாரும் இல்லாத, விண்கலமும் எட்டாத ஒரு பேசாலைப் பிள்ளைக்கோ தலைமன்னார்ப் பிள்ளைக்கோ வான்வெளி கிடைக்க வேறு எந்த வழி இருக்கிறது? மேலும் நாசாவே மெய்நிகரை ஒதுக்கவில்லை. 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனவர்கள் தொட்டியோடு தலைக்கருவியிலும் பயின்றார்கள். இவை யாவும் சரி. ஆனால் கவனித்துப் பார்த்தால் வாதத்துக்குப் பலமே சேர்க்கின்றன. நாசா தலைக்கருவியைத் தொட்டிக்குப் பதிலாக வைக்கவில்லை, தொட்டியின் பக்கத்தில் வைத்தது. தூரத்தையும் திசையையும் கண் பழகட்டும், பிடியையும் களைப்பையும் உடம்பு பழகட்டும் என்பது அந்த ஏற்பாடு. விளையாட்டை உருவாக்குகிறவர்களும் உடம்பை முழுவதும் மறந்துவிடவில்லை. ஆடுபவரைச் சுற்றி அசையாத ஒரு விமானி அறையை வரைந்து வைத்தால் குமட்டல் குறைகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். விரிந்த வெளியில் உடம்பு ஒட்டிக்கொள்ள ஒரு தோணி கேட்கிறது. படத்தாலான தோணியானாலும் அது போதுமாயிருக்கிறது.

இதைவிட வியப்பானது கயிற்றின் கதை. எலீட் டேஞ்சரஸில் எரிபொருள் தீர்ந்த கலம் நட்சத்திரங்களுக்கு நடுவே அசையாமல் நின்றுவிடும். மூச்சுக்காற்றுக் கடிகாரம் இறங்கத் தொடங்கும். கலம் அழிந்தால் இழப்பு விளையாட்டில் செலவிட்ட உழைப்பு மட்டுமே, உயிர் போகப்போவதில்லை. இருந்தும் ஆடுபவர்களே கூடிப் 'பியூவல் ராட்ஸ்' என்ற மீட்புக் குழுவை அமைத்தார்கள். அழைப்பு வந்தால் பல ஒளியாண்டு தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஒருவரின் கலத்துக்கு எரிபொருள் ஊட்டிவிட்டுப் போகிறார்கள். விளையாட்டை எழுதியவர்கள் இப்படி ஒரு குழுவை வகுத்து வைக்கவில்லை. பால்வீதி முழுவதும் கண்முன் விரிந்தபோது, ஆடியவர்கள் அதற்கு மேல் தேடிச் செய்துகொண்டது மறுமுனையில் ஓர் ஆளை. காட்சி எவ்வளவு பெருகினாலும் அது தானாக ஓர் உலகமாகிவிடாது. நாம் கயிற்றைச் சுண்டினால் யாரோ இழுப்பார்கள் என்ற உறுதி சேரும்போதுதான் ஆகிறது. ஒரு தோணிக்குப் பத்துக் கயிற்றுக்காரர் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், பழைய முத்துக்கரையின் ஊர்களில் ஒன்றான குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேரே போகலாம் என்பதே இடத்தேர்வின் காரணம். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் கரையில் நிற்கிறவர்களுக்கு விண்வெளி இனித் தலைக்கருவிக்குள் மட்டும் இருக்கப்போவதில்லை. மேற்கு அடிவானத்தில் எழும் புகைக்கோடாகவும் தெரியலாம். அந்தக் கோட்டைப் பார்க்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதே பயணத்தை விளையாட்டில் ஆடுவார்கள், ஆடவும் வேண்டும். ஆனால் சுற்றிலும் எவ்வளவு நட்சத்திரங்கள் தெரிகின்றன என்று எண்ணி அந்த விளையாட்டை மதிப்பிடுவது, சலாபத்தை முத்துகளை மட்டும் எண்ணி மதிப்பிட்ட கம்பனியின் கணக்கு. மன்னாரின் பழைய தோணிகள் வேறு இரண்டு கேள்விகளை விட்டுச் சென்றிருக்கின்றன. கீழே போகிறவரின் மூச்சு எவ்வளவு? மேலே கயிறு யார் கையில்? சொல்லில் இருக்கும் மெய், கருவியிலும் இருக்கிறதா என்பது அந்த விடைகளில்தான் தெரியும்.